பாத்திரம் தேடும் அடுப்பு

மவ்ராக்கோஸ் குடும்பத்தில் அடுப்பை அணைக்க மறந்தவர் எவரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் மகள் மெல்போ தன் தோழிகளிடமும், டாக்டரிடமும், எங்கள் தேவாலயப் பாதிரியாரிடமும்கூட வேறு விதமாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் சொன்னது இதுதான். அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு நினைவு தப்புகிறது. கேஸைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோகிறார். பிரெஸ்டனில் தனியாக விட்டால் ஒருநாள் வீட்டோடு எரிந்துபோவார். ஆகவே நகரத்தின் மறுகோடியில், பாயின்ட் குக்கில், அவள் வீட்டின் பின்பக்கம் அவள் கணவன் க்ளென் கட்டியிருக்கும் ஒற்றை அறைக்கு நான் போய்ச் சேர வேண்டும்.

மகள் வீட்டில் உட்கார்ந்து மருமகன் கையால் சாப்பிடுகிறவனை எங்கள் கிரேக்கத்து மானி மலைப் பக்கத்தில் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. என் தகப்பனார் தன் கூரைக்கடியில், தன் நாற்காலியில், முதுகு வளையாமல் உட்கார்ந்தபடி உயிரை விட்டார். இந்தச் செங்கல் வீட்டை நான் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்து, கார் தொழிற்சாலையில் உருகிய இரும்பின் முன் நின்று வாங்கினேன். இதைவிட்டு நான் வெளியேறுவதென்றால் நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆனால் அடுப்பு எரிந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. நான் பற்ற வைக்கவில்லை என்பதும் உண்மை.

யார் பற்ற வைத்தது என்பது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வழியில்லை. நான்தான் மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் கிழவன் என்று அழைத்துப் போவார்கள். உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்று அழைத்துப் போவார்கள். இரண்டு வழியிலும் வீடு போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

என் மனைவி கலியோப்பி ஐம்பது வருடம் எனக்குக் காபி போட்டவள். பகல் தூக்கம் முடிந்து எழுந்து கூடத்து நாற்காலியில் உட்காருவேன். சமையலறையில் கொல்லைப் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் இறங்கிக் குழாயின் மேல் விழும் நேரம் அது. பிரிக்கி என்று நாங்கள் சொல்லும் நீண்ட கைப்பிடி வைத்த சின்னப் பித்தளைக் குவளையை அவள் ஆணியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர், தூள், எனக்கு ஒரு கரண்டி சர்க்கரை. கோப்பையும் குளிர்ந்த தண்ணீரும் வந்து சேரும். வேண்டுமா என்று அவள் கேட்டதில்லை. வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

அவளை அடக்கம் செய்து, நாற்பதாம் நாள் பூசையும் முடிந்தது. மறுநாள் பகல் தூக்கத்திலிருந்து காபி வாசனையில் எழுந்தேன். என் தங்கை அந்தூலாவிடம் ஒரு சாவி உண்டு. அவள்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சமையலறைக்குப் போனேன்.

ஒருவரும் இல்லை. கேஸ் அடுப்பின் சின்ன பர்னர் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் பிரிக்கி. ஓரத்திலிருந்து கிளம்பிய நுரை நடுவை நோக்கி மூடிக்கொண்டு வந்தது. அந்தக் கணத்தில் எங்களவர்களின் கை யோசிப்பதில்லை. நுரை உடையும் முன் எடுத்துவிட்டேன். மேடையில் விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் பொன்விளிம்புக் கோப்பையும், வேர்த்திருந்த தண்ணீர்க் கிளாஸும் இருந்தன. ஊற்றிக் குடித்தேன்.

சர்க்கரை இல்லை.

எங்களில் ருசிக்காகவே சர்க்கரை இல்லாமல் குடிப்பவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. சர்க்கரை போட்டுக் குடிக்கிறவனுக்கும் கசப்புக் காபி கொடுக்கும் இடம் ஒன்றே ஒன்று. கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் சாவு வீட்டில் கொடுப்பார்கள். ஒரு காபி, ஒரு சிறு கிண்ணம் பிராந்தி, ஒரு காய்ந்த ரஸ்க். கிண்ணங்களை இடித்துக்கொள்ளக் கூடாது. அந்த நாட்களில் தவிர கலியோப்பி ஒருபோதும் என் காபியில் சர்க்கரை போடாமல் இருந்ததில்லை. ஆகவே அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அடுத்தது யார் என்று சொல்கிறாள்.

மிச்சத்தை எலுமிச்சை மரத்தின் வேரில் கொட்டினேன்.

அதன்பின் தினமும் நடந்தது. தூள் டப்பாவில் அளவு குறையும். சர்க்கரை டப்பாவின் மூடி அசைந்திருக்காது. சில வாரங்களுக்குப் பிறகு நான் எழுந்து போவதை நிறுத்திவிட்டேன். பயந்தேன் என்று எழுதமாட்டேன். போகவில்லை, அவ்வளவுதான். எடுக்க ஆளில்லாத காபி பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அப்படி ஒரு பிற்பகலில்தான் மெல்போ கையில் மளிகைப் பைகளோடு உள்ளே நுழைந்தாள்.

"அப்பா! மூக்குல ஏறலையா உங்களுக்கு? வீடு பூரா கேஸு!"

"ஏறுச்சு."

"ஏறுச்சுன்னா எந்திரிச்சு அணைக்க வேண்டாமா? சிலை மாதிரி உக்காந்திருக்கீங்க!"

"நான் பத்த வைக்கலை."

"பின்னே யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா? காபி போட்டுக் குடிக்க வந்துச்சாக்கும்?"

அவள் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, பிரிக்கியைத் தேய்த்துக் கழுவி, அதைப் பிடித்தபடியே அழுதாள். பிறகு பாயின்ட் குக் பேச்சை எடுத்தாள்.

என்னைக் காப்பாற்றியது அந்தூலாதான். அவளுக்கு நாக்கு நீளம், ஆனாலும் எங்கள் ரத்தம். போனில் மெல்போவிடம் கத்தியது கூடத்து நாற்காலிவரை கேட்டது. "அடுப்பு சரியில்லேன்னா அடுப்பை மாத்துடி! அதுக்கு ஏன்டி ஆளைப் பேத்தெடுக்குற? ஒங்கப்பன் என்ன செடியா, தொட்டியோட தூக்கிட்டுப் போக?"

அப்படி ஒரு உடன்பாடு ஏற்பட்டது. க்ளென் எலக்ட்ரீஷியன். மேடைமேல் வைத்து பிளக்கில் சொருகும் இரண்டு ஒற்றை அடுப்புகளைக் கொண்டுவருவான். இரண்டையும் நான் பழகிப் பார்க்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி எது வேண்டும் என்று முடிவு செய்வோம். கேஸை எடுத்துவிட்டு அதைப் பதிப்பான். இடையில் மறுபடி ஏதாவது பொங்கியோ தீய்ந்தோ கிடந்தால், பெட்டியைக் கட்ட வேண்டும். நான் சம்மதித்து வாக்குக் கொடுத்தேன்.

எது நல்ல அடுப்பு என்பதல்ல என் கவலை. எந்த அடுப்பை அவளால் பற்ற வைக்க முடியாது என்பதுதான்.

க்ளென் முதலில் கேஸை அடைத்துவிட்டு, கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்பை வைத்தான். "இதுக்கு அடியில கம்பி இருக்கு மாமா. சிவக்கும். அணைச்ச பிறகும் சூடு ரொம்ப நேரம் போகாது. கைய வெச்சிராதீங்க."

"நான் உருகுற இரும்பு முன்னாடி நின்னவன்டா."

"தெரியும் மாமா. அதான் சொல்றேன். சூடுன்னு தெரிஞ்சாலும் கைய எடுக்கமாட்டீங்க."

நல்ல பையன். சிரிக்கவும் தெரியும். எங்களவன் இல்லை என்பதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேஸில் நெருப்பு கண்ணுக்குத் தெரியும். குமிழைத் திருப்பியதும் குறையும், கூடும். இந்தக் கண்ணாடி அடுப்பு பிடிவாதக்காரனைப் போல. சூடாகவும் மாட்டேன் என்கிறது, ஆறவும் மாட்டேன் என்கிறது. நுரை வரும்போது அணைத்தாலும் பயனில்லை. காபி மேலேறிக்கொண்டே இருக்கும். காலையில் நானே அதில் காபி போட்டுப் பார்த்தேன். பிற்பகலில், வெயில் குழாயின் மேல் விழுந்த நேரத்தில், கூடத்திலிருந்து தலையைத் திருப்பினேன். மேடையில் ஒரு சிவப்பு வட்டம் ஒளிர்ந்தது. அதன் நடுவில் பிரிக்கி இருந்தது. பித்தளையானால் என்ன, அந்த அடுப்புக்கு எல்லாம் ஒன்றுதான்.

பொங்கிய காபி கண்ணாடியில் கருகி ஒட்டிக்கொண்டது. மெல்போ வருவதற்குள் பிளேடால் சுரண்டி எடுத்தேன். மவ்ராக்கோஸ் குடும்பத்து ஆண்பிள்ளை ஒருவன் கையில் பிளேடோடு அடுப்பைச் சுரண்டுவது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் க்ளென் இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுவந்தான். கறுப்புக் கண்ணாடி, கம்பியும் இல்லை, நெருப்பும் இல்லை. குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த புனித ஜார்ஜ் படம் போட்ட காந்தத்தை எடுத்தான். "இது எந்தப் பாத்திரத்து அடியில ஒட்டுதோ அதுதான் இதுல சூடாகும் மாமா. பாத்திரம் மட்டும் சூடாகும், அடுப்பு சூடாகாது. பாத்திரம் இல்லேன்னா கத்தும், அப்புறம் தானா அணைஞ்சுரும். நீங்க மறந்தாலும் இது மறக்காது."

"நான் மறக்கிறதில்லை."

"சரி மாமா."

காந்தம் இரும்புச் சட்டியில் ஒட்டியது. மெல்போ புதிதாக வாங்கி வந்திருந்த எவர்சில்வர் பிரிக்கியிலும் ஒட்டியது. கலியோப்பியின் பித்தளைப் பிரிக்கியில் வைத்தான். நிற்கவில்லை. டக்கென்று தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அவள் பித்தளையைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். அவளை நான் அறிவேன்.

அன்று பிற்பகல் கூடத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கியது. ஆணியிலிருந்து பிரிக்கியை எடுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது. பிறகு அடுப்பு கத்தியது.

பீப். பீப். பீப்.

பாத்திரம் எங்கே என்று அது கேட்கும் சத்தம். எழுந்து சமையலறை வாசற்படிவரை போய்ப் பார்த்தேன். பிரிக்கி கண்ணாடியின் நடுவில் சரியாக வைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, பாத்திரம் இல்லை என்று சொல்லும் சிவப்புக் குறி மின்னி மின்னி அணைந்தது. மேடையில் பொன்விளிம்புக் கோப்பை, தண்ணீர்க் கிளாஸ். சற்று நேரத்தில் அடுப்பு தானாக அணைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு அது மறுபடி கத்தத் தொடங்கியது.

அணையும். கொஞ்ச நேரம் அமைதி. மீண்டும் யாரோ பொத்தானைத் தொட்டதுபோல் ஒரு சின்ன ஒலி, பிறகு பீப், பீப், பீப். குழாயை விட்டு வெயில் போகும்வரை அப்படியே நடந்தது. மறுநாளும். அதற்கு மறுநாளும். ஐம்பது வருடத்தில் என்னிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்காத பெண் அவள். வாசலில் நிற்கும் விருந்தாளியை உள்ளே கூப்பிடாமல் வைத்திருப்பதுபோல் எனக்கு இருந்தது. இருந்தாலும் நான் எழுந்து போகவில்லை. வீடு என்னுடையது. அதை நான் காக்க வேண்டும்.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். க்ளென் கடைசித் தடவையாகக் கேஸைத் திறந்துவிட்டான். அந்தூலா கறுப்பு உடையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நீதிபதி மாதிரி நின்றாள். மூன்று அடுப்பு, ஒரே தூள், ஒரே அளவு சர்க்கரை. அவளே போடுவாள், அவளே தீர்ப்புச் சொல்வாள்.

கேஸில் போட்டதை ருசித்துவிட்டுக் கண்ணை மூடினாள். "இதுதான் காபி. மத்த ரெண்டையும் பாக்கவே வேண்டாம்."

"அத்தை, கேஸு போகப்போகுது. அதைச் சேர்க்காதீங்க."

"போறதுதான்டி எப்பவும் நல்லா இருக்கும். ஒங்க மாமன் செத்த பிறகுதான் அவன் நல்லவன்னு எனக்கே தெரிஞ்சுது."

கண்ணாடி அடுப்பில் போட்டது பொங்கி வழிந்தது. "இது எங்க மாமியா மாதிரி. போதும்னு சொன்ன பிறகும் பேசிக்கிட்டே இருக்கும்," என்றாள். இண்டக்‌ஷன் அடுப்பில் எவர்சில்வர் பிரிக்கியை வைத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் கொதித்து, பெரிய பெரிய குமிழியாக நுரைத்தது. "இது வெந்நி. தூள் முழிச்சுப் பாக்குறதுக்குள்ள எறக்கியாச்சு."

"ஆனா பத்திரம் அத்தை," என்றான் க்ளென்.

"பத்திரம்தான். கல்லறையும் பத்திரம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"சரி, முடிவு பண்ணுவோம்," என்றேன். "இண்டக்‌ஷன்."

"இருண்ணே, என்ன அவசரம்? ரயிலா போகுது?" அந்தூலா ஆணியிலிருந்து பித்தளைப் பிரிக்கியை எடுத்தாள். "அண்ணி பிரிக்கியை இதுல வெச்சா என்ன பண்ணும்னு பாக்குறேன்."

"வேண்டாம்," என்றேன்.

"ஏன், கடிக்குமா?"

தண்ணீர் ஊற்றினாள். தூள் போட்டாள். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கறுப்புக் கண்ணாடிமேல் வைத்துப் பொத்தானைத் தொட்டாள். பீப், பீப், பீப். சிவப்புக் குறி மின்னியது.

"பாருங்கடி, அண்ணி பிரிக்கியைப் பாத்து பாத்திரமே இல்லேங்குது! மரியாதை தெரியாத அடுப்பு."

"அதை நிறுத்துங்க அத்தை, தலை வலிக்குது." மெல்போ சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். சத்தம் நின்றது. குறியும் அணைந்தது. ஒயர் மேடை ஓரத்தில் தொங்கியது.

வெயில் குழாயின் மேல் விழுந்தது.

முதலில் கண்டது க்ளென். அவன் கை பாதியில் நின்றது. பிரிக்கியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு மெல்லிய கோடு கிளம்பியிருந்தது. அது தடித்தது. ஓரமெல்லாம் பரவி நடுவை நோக்கி மூடிக்கொண்டு வந்தது. அவசரமில்லாமல், கேஸில் வருவதைவிடவும் மெதுவாக, அவள் போடும்போது வருவதுபோல் வந்தது. க்ளென் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "ஜில்லுன்னு இருக்கு," என்றான்.

"மெல்போ, கரண்ட்டு?"

"கையில இருக்கு க்ளென். பிளக்கு என் கையிலதான் இருக்கு."

நுரை மூடியது. நுரை உடைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்கள் பெண்களால் முடியாது. அந்தூலா கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். மேடையில் பொன்விளிம்புக் கோப்பைகள் நான்கு இருந்தன. எடுத்து வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது இரண்டு கோப்பை அளவுள்ள பிரிக்கி. அவள் ஊற்றினாள். முதல் கோப்பை நிறைந்தது. இரண்டாவது நிறைந்தது. மூன்றாவது. நான்காவதும் விளிம்புவரை நிறைந்த பிறகுதான் பிரிக்கி காலியானது.

அந்தூலா ஒரு வாய் குடித்தாள். முகம் மாறியது.

"அண்ணே. நான் சர்க்கரை போட்டேன்."

"போட்டே. பாத்தேன்."

மெல்போ தன் கோப்பையை எடுத்து உதட்டில் வைத்தாள். கீழே வைத்துவிட்டாள். "இது சாவு வீட்டுக் காபி அப்பா."

இனி மறைக்க ஒன்றுமில்லை. சொன்னேன். நாற்பதாம் நாளுக்கு மறுநாளிலிருந்து என்று சொன்னேன். எலுமிச்சை வேரில் கொட்டியதைச் சொன்னேன். பொங்கி வழிந்த கேஸைச் சொன்னேன். மெல்போ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நீங்க மறக்கலை."

"மறக்கலைன்னு சொன்னேன்."

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லலை? இந்தக் காபி உங்களுக்குன்னு... உங்களைக் கூப்பிட வந்திருக்காங்கன்னு நெனச்சீங்களா?"

அந்தூலா கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அண்ணியை அடக்கம் பண்ணிட்டு வந்து நாம எங்கடி காபி குடிச்சோம்?"

மெல்போ க்ளெனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹால்ல," என்றான் க்ளென், தணிந்த குரலில். "கல்லறைக்குப் பக்கத்துல வாடகைக்குப் புடிச்சோமே, அந்த ஹாலு. மெஷின் வெச்சிருந்தாங்க."

"வீடு சின்னதுன்னுதான்..." மெல்போ கூடத்துப் பக்கம் கையைக் காட்டினாள். "அத்தனை பேரு எங்க உக்காருவாங்கன்னுதான் அப்பா..."

அந்த ஹால் எனக்கு நினைவிருந்தது. காகிதக் கோப்பைகள். பால் நுரை, அதன்மேல் சாக்லெட் பொடி. தட்டில் குவித்து வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்கள். இதமாக இருந்தது என்று வந்தவர்கள் சொல்லிப் போனார்கள். நான் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஊர் கூடியிருக்கும்போது மகளை அதட்டுவது எங்கள் வழக்கமல்ல. அதன்பின் அதைப் பற்றிப் பேசுவதும் எங்கள் வழக்கமல்ல. ஆனால் மவ்ராக்கோஸ் வீட்டுக்கு வாழவந்த ஒருத்திக்கு, அவள் வீட்டு அடுப்பில் காய்ந்த கசப்புக் காபியை ஒருவரும் குடித்திருக்கவில்லை. எங்கள் ஊரில் நாய்க்குக்கூட அப்படி நடந்ததாகக் கேட்டதில்லை.

அவள் என்னைக் கூப்பிட வரவில்லை. தன் சாவுக் காபியைத் தானே போட்டு, குடிக்க ஆளில்லாமல் தினமும் காத்திருந்திருக்கிறாள்.

எழுந்தேன். அலமாரியிலிருந்து பிராந்திப் புட்டியையும் நான்கு சிறு கிண்ணங்களையும் எடுத்தேன். டப்பாவில் ரஸ்க் இருந்தது. மேஜையில் வைத்தேன்.

"உக்காருங்க."

"ஆறிருக்கும்ண்ணே," என்றாள் அந்தூலா.

ஆறவில்லை. கோப்பைகளிலிருந்து ஆவி அப்படியே எழுந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்தோம். கிண்ணங்களை இடித்துக்கொள்ளவில்லை. "கடவுள் அவளை மன்னிக்கட்டும்," என்று சாவுக் காபிக்கு எங்களவர்கள் சொல்வதை நான் சொன்னேன். மூவரும் திருப்பிச் சொன்னார்கள். க்ளென் எங்கள் மொழியில், திக்கித் திக்கி, ஆனால் ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னான். அடியில் தங்கும் மண்டிவரை குடித்தோம். நாக்கில் கசப்பு நின்றது. மெல்போ கண்ணைத் துடைக்காமல் குடித்தாள். நாங்கள் குடித்து முடித்தபோது குழாயின் மேல் வெயில் இல்லை.

மேஜையைத் துடைக்கும்போது அந்தூலா ஜன்னல் பக்கம் பார்த்து மெல்லச் சொன்னாள், "மன்னிச்சுக்க அண்ணி. ஹாலு என் யோசனை இல்லை. இருந்தாலும் மன்னிச்சுக்க."

கிளம்பும்போது மெல்போ காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா. அந்தப் பின்பக்கத்து ரூமை க்ளென் சாமான் வெச்சுக்கட்டும்."

"வெச்சுக்கட்டும்."

"கேஸை விட்டுரலாமா? அம்மா பிரிக்கிக்கு அதுதானே..."

"வேண்டாம். அடுப்பை மாத்துறேன்னு வாக்குக் கொடுத்தேன். அந்தக் கறுப்புக் கண்ணாடியையே போடச் சொல்லு."

"அதுல பித்தளை வேலை செய்யாதே அப்பா."

"செய்யாது," என்றேன்.

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். கேஸில் ஏதாவது காய்ந்தால் கிழவன் மறந்துவிட்டான் என்பார்கள். கம்பி சிவந்தாலும் அதையேதான் சொல்வார்கள். அந்தக் குளிர்ந்த கண்ணாடியின் மேல் பித்தளை காய்ந்தால், அரிஸ்டிடிஸ் மவ்ராக்கோஸ் அணைக்க மறந்தான் என்று எவரும் சொல்ல முடியாது.

ஈஸ்டர் முடிந்ததும் க்ளென் கேஸ் குழாயை அடைத்துவிட்டு அடுப்பைப் பதித்தான். பிற்பகல்கள் அமைதியாகப் போயின. பிரிக்கி ஆணியில் தொங்கியது. எவர்சில்வரில் நானே காபி போட்டுக் குடித்தேன். அந்தூலா சொன்னது சரி, அது வெந்நீர்தான். குழாயின் மேல் வெயில் விழுவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் திருப்தியாகப் போய்விட்டாள் என்று அந்தூலா சொன்னாள். இருக்கலாம் என்றேன்.

குளிர்காலம் தொடங்கியபின் ஒரு பிற்பகல், பகல் தூக்கத்திலிருந்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறையில் அடுப்பு கத்தியது. ஒரே ஒரு தடவை. பீப். அவ்வளவுதான்.

எழுந்து போனேன். கண்ணாடி வெறுமையாக இருந்தது. சிவப்புக் குறி மின்னாமல் நிலையாக எரிந்துகொண்டிருந்தது. பித்தளைப் பிரிக்கியை ஆணியிலிருந்து எடுத்தேன். இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். தூள் போட்டேன். அவளுக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி என்று சர்க்கரை போட்டேன். கலக்கி, கண்ணாடியின் நடுவில் வைத்தேன். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். பொன்விளிம்புக் கோப்பைகள் இரண்டை எடுத்து வைத்தேன்.

பிறகு கூடத்துக்குத் திரும்பி வந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பெண் காபி போடும்போது ஆண்பிள்ளை பக்கத்தில் நின்று பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமல்ல.

கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது.